மைனாவுக்கு மாப்பிள்ளை

மைனா தவிட்டுத் தொட்டியை முகர்ந்துகூடப் பார்க்காமல், சாலையில் போகிற வண்டிகளுக்கெல்லாம் குரல் கொடுத்துக் கனைத்துக்கொண்டிருந்ததில் போன வாரம் விட்டோம். நேற்று கால்நடை டாக்டர் அறிவுமதி வந்து பார்த்து, “பருவத்துக்கு வந்திருக்கா. சேர்க்கறதா இருந்தா இன்னைக்கோ நாளைக்கோ சேர்த்துடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மா போனதிலிருந்து பஞ்சநதம் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. மன்னார்குடிப் பக்கத்து விவசாயியான பஞ்சநதத்துக்கு மாடு தெரியும், குதிரை தெரியாது. பொங்கல் குதிரை வண்டிப் பந்தயத்தில் ஓட்டுவதற்காக மகன் ராம்கி ஆசையாக வாங்கிய பெட்டைக்குதிரைதான் மைனா. வாங்கிய கையோடு அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை வந்துவிட்டது. அவன் விமானம் ஏறிவிட்டான், குதிரை கொட்டகையில் நின்றுவிட்டது.

அதே சமயத்தில்தான் மகள் குந்தவை புகுந்த வீட்டிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு திரும்பி வந்தாள். கோர்ட்டு, விவாகரத்து எல்லாம் முடிந்த பிறகு யாரோடும் பேசாமல் அறைக்குள்ளேயே கிடந்தாள். அவளை முதன்முதலில் வெளியே வரவைத்தது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பசி வந்தால் வாளியை உதைத்து ஊரைக் கூட்டுகிற மைனாதான்.

இப்போது அந்த மைனாவிடம் ஒரு குட்டி எடுக்க வேண்டும் என்று குடும்பமே முடிவு செய்திருந்தது. யாரிடம் சேர்ப்பது என்பதில்தான் சண்டை.

“அப்பா, அதிராம்பட்டினத்துல தௌபீக் பாய் வச்சிருக்காருல்ல, மின்னல், மார்வாரி ஜாதிக் குதிரை. அதுக்கே சேர்த்துடுங்க. குட்டி பெரிய குதிரை பந்தயத்துல ஓடணும்” என்று சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் ஒற்றைக்காலில் நின்றான் ராம்கி.

குந்தவைக்கு அது பிடிக்கவில்லை. அவள் பார்த்து வைத்திருந்தது திருவாரூர்ப் பக்கத்தில் சேரன் என்பவர் வளர்க்கும் நடுத்தர உயரக் குதிரை. கல்யாண ஊர்வலங்களுக்கு மாப்பிள்ளையை ஏற்றிப் போகிற குதிரை அது. பெயர் பாண்டியன். சேரன் வீட்டில் பாண்டியன் வளர்வதைக் கேட்டுப் பஞ்சநதம் சிரித்தபடிதான் போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு அங்கே போனார்.

போன இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பாண்டியனின் நெற்றியில் அடுத்தடுத்து இரண்டு சுழிகள். நாற்பது வருஷமாகச் சந்தையில் சுழி பார்த்து மாடு பிடித்தவர் பஞ்சநதம். நெற்றியில் இரட்டைச் சுழி இருந்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். “ரெட்டைச் சுழி ஒரு வீட்ல தங்காது. வேண்டாம் தம்பி” என்று குதிரைக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். வீடு வரும்வரை குந்தவை ஒரு வார்த்தை பேசவில்லை. குதிரை கிடைக்காத கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இன்று காலையில் வாடகை வண்டி ஓட்டும் இளையபெருமாள் தன் குட்டியானை லோடு வண்டியைக் கொண்டுவந்து கொட்டகைக்குப் பின்பக்கம் நிறுத்தினான்.

“குட்டியானை மேல குதிரையை ஏத்துற கூத்து நம்ம வீட்லதான் நடக்கும்” என்றபடி பஞ்சநதத்தின் மனைவி பூவம்மாள் இட்லிப் பொட்டலத்தை வண்டிக்குள் வைத்தாள். பிறகு கணவனைத் தனியாக அழைத்தாள். “என்னங்க, புள்ளை முகமே சரியில்ல. டாக்டரம்மா சொன்னதை நினைச்சுப் பயப்படுறா.”

டாக்டரம்மா சொன்னது பஞ்சநதத்துக்கும் நினைவிருந்தது. “முதல் பிரசவம். உடம்பும் சின்னது. அவளைவிட ரொம்பப் பெரிய குதிரையாப் பாக்காதீங்க. அவகிட்ட என்ன குறை இருக்கோ அதே குறை ஆண்கிட்டயும் இருக்கக் கூடாது. நல்லதோட நல்லது சேர்றதைவிட இதுதான் முக்கியம்.”

“நம்ம பாக்காத பிரசவமா?” என்று மனைவியிடம் சொன்னாரே தவிர, அவருக்கும் பயம்தான். மைனாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் குந்தவை மறுபடியும் அந்த அறைக்குள் போய்விடுவாள். அதை அவரால் இன்னொரு முறை பார்க்க முடியாது.

குந்தவை முன் சீட்டில் உட்காரவில்லை. பின்னால் மைனாவின் பக்கத்தில் நின்று, கயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்தாள். உளுந்து எடுத்து முடித்த வயல்களின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பட்டுக்கோட்டை தாண்டியதும் காற்றில் கடல் வாசனை கலந்தது, மைனா மூக்கை விரித்துக் காதுகளைத் திருப்பியது.

தௌபீக்கின் தென்னந்தோப்பில் மின்னலைப் பார்த்ததும் இளையபெருமாள் வாயைப் பிளந்தான். பஞ்சநதமும் ஒரு நிமிஷம் மலைத்துத்தான் போனார். நல்ல வெள்ளை, வளைந்த கழுத்து, ஆள் உயரத்துக்கு முதுகு. கழுத்தில் பாசிமணிக் கொத்து வேறு.

“வாங்கண்ணே, வாம்மா” என்று தௌபீக் இளநீர் வெட்டிக் கொடுத்தார். “ராம்கி விடாம போன் பண்ணினான். நானும் பெட்டையைப் பாக்காமயே சரின்னுட்டேன்.”

குந்தவை இளநீரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். “பாய், இந்த மணல்ல வேண்டாம். அந்தச் சிமெண்ட் தரையில மின்னலை என்னைப் பாத்த மாதிரி நடத்திக் கூட்டிட்டு வர்றீங்களா? மெதுவா.”

தௌபீக் அவளை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் குதிரையை நடத்தினார். குந்தவை தரையில் குந்தி உட்கார்ந்தாள். கழுத்தையும் பார்க்கவில்லை, பாசிமணியையும் பார்க்கவில்லை. குளம்புகளையே பார்த்தாள். இன்னொரு தரம் நடத்தச் சொன்னாள்.

“அப்பா, இங்க வந்து உக்காந்து பாருங்க.”

பஞ்சநதம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மின்னலின் முன்னங்குளம்புகள் இரண்டும் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தன. மைனாவுக்கும் அப்படித்தான். ஓடும்போது ஒரு கால் மற்றக் காலில் தட்டி ரத்தம் வந்துவிடும். அதற்காகவே தினமும் காலையில் குந்தவை அதன் கால்களில் துணி சுற்றிக் கட்டுவாள். அம்மாவும் கோணல், அப்பனும் கோணல் என்றால் குட்டி எப்படி நேராக நிற்கும்?

“ஆமாம்மா, அது இவன் குறைதான்” என்று தௌபீக்கே ஒப்புக்கொண்டார். “நெடு நெடுன்னு, கால் நேரா இருக்குற பெட்டைக்குத்தான் இவனைச் சேர்ப்பேன். உங்களுது சின்னதாவும் இருக்கு.”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மின்னல் மைனாவை மோப்பம் பிடித்துவிட்டது. கயிற்றை இழுத்துக்கொண்டு பின்னங்காலில் எழும்பிக் கத்தியது. குட்டியானையில் நின்ற மைனா வெலவெலத்துப் போய் மூலையில் ஒண்டியது. அதன் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

அந்த நேரம் பார்த்துத்தான் ராம்கியின் போன் வந்தது. பஞ்சநதம் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் குறுக்கிட்டான். “அப்பா, என்ன யோசிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? அவ ஏதாவது சொல்லுவா. இவ்வளவு தூரம் போயாச்சு, சேர்த்துட்டு வாங்க.”

பஞ்சநதம் தடுமாறினார். மகன் சொல்வதும் காதில் விழுந்தது, மைனாவின் நடுக்கமும் கண்ணில் பட்டது. இத்தனை தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதா என்றுகூட மனசு ஓடியது.

“வேண்டாம்ப்பா” என்றாள் குந்தவை.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பஞ்சநதத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை போட்டோவைக் காட்டியபோது அவள் சொன்னது, “நீங்க பாத்துச் சொன்னா சரிப்பா” என்பதுதான். உயரம், நிறம், உத்தியோகம் மூன்றையும் பார்த்துவிட்டு அவர் சொன்னார். இந்த ‘வேண்டாம்’ என்பதை அவள் அன்றைக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவருக்குத் தோன்றியது.

“ராம்கி, நான் அப்புறம் பேசுறேன்டா” என்று போனை அணைத்தார்.

கிளம்பும்போது தௌபீக் கேட்டார். “வேற எங்கயும் பாத்து வச்சிருக்கீங்களாண்ணே?”

“திருவாரூர்ல ஒண்ணு இருக்கு பாய். நெத்தியில ரெட்டைச் சுழி.”

“அது மாட்டுக்குல்ல பாப்பாங்க? குதிரைக்கு எங்க வாப்பா வேற கணக்கு சொல்லுவாங்க. நெத்தியில ரெண்டு இருக்குன்னு நான் எதையும் தள்ளினதில்ல.”

“சுழி சுழிதானே பாய்” என்றார் பஞ்சநதம். வீம்பு அவ்வளவு சீக்கிரம் இறங்குகிறதா என்ன?

திரும்பும் வழியில் மைனா நிலைகொள்ளாமல் காலை மாற்றி மாற்றி வைத்தது. வாய்க்கால் மதகடியில் ஒரு புங்கமர நிழலைப் பார்த்ததும் குந்தவை கையால் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னாள். மைனாவை இறக்கி, கேனில் கொண்டுவந்திருந்த தண்ணீரைக் காட்டி, மரத்தில் கட்டினாள். இளையபெருமாள் டீக்கடையைத் தேடிப் போய்விட்டான். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்பாவும் மகளும் மதகுச் சுவரில் உட்கார்ந்து ஆறிப்போன இட்லியைப் பிரித்தார்கள்.

“ஏம்மா, அந்தப் பாண்டியன்கிட்ட அப்படி என்னத்தைக் கண்ட?”

“கால் நேரா இருக்குப்பா. மைனாவைவிடக் கொஞ்சம்தான் உசரம். பக்கத்துல சரவெடி போட்டாக்கூட நின்ன எடத்துல நிக்குது. நம்ம மைனா ஒரு பிளாஸ்டிக் பை பறந்து வந்தாலே தாவும். குட்டிக்கு அந்த நிதானமாவது அப்பன்கிட்டேர்ந்து வரட்டுமே.”

“எல்லாம் சரி. சுழி ஒண்ணு இருக்குல்ல? வீட்டுக்குப் போயிடுவோம். அடுத்த பருவத்துக்குப் பாத்துக்கலாம்.”

குந்தவை ஒரு துண்டு இட்லியைப் பிட்டாள். பிறகு, ஏதோ கடைக்குப் போய் உப்பு வாங்கி வருகிறேன் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

“அப்பா, எனக்கும் ரெட்டைச் சுழி.”

பஞ்சநதம் திரும்பிப் பார்த்தார்.

“ரெட்டைச் சுழி ஒரு வீட்ல தங்காதுன்னு போன ஞாயித்துக்கிழமை சொன்னீங்கல்ல? அந்த வீட்ல எங்க மாமியாரும் அதையேதான் சொல்லுவாங்க. தலை பின்னும்போது பாத்துட்டாங்க. அதுலேர்ந்து சோறு குழைஞ்சாலும் அதான், அவர் நேரங்கழிச்சு வந்தாலும் அதான். சமயத்துல கரெண்ட் போனாக்கூட அதான்.”

கடைசி வார்த்தையில் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

“எங்ககிட்ட சொல்லவே இல்லியேம்மா.”

“என்னன்னுப்பா சொல்றது? பொண்ணு பாக்க அவங்க வந்த அன்னைக்கே அம்மா கோணல் வகிடு எடுத்து, பூவை வச்சு மறைச்சுத்தான் அனுப்பினாங்க. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அது ஏதோ மறைக்க வேண்டிய சமாச்சாரம்னு.”

பஞ்சநதம் கையிலிருந்த இட்லியைப் பொட்டலத்திலேயே வைத்துவிட்டார். அந்த இரண்டு சுழிகளும் அவருக்குத் தெரியாததா? குழந்தையில் அவள் தூங்குவதற்கு அடம் பிடிக்கும்போதெல்லாம் மார்மேல் போட்டுக்கொண்டு, உச்சியில் ஒரு சுழியிலிருந்து இன்னொரு சுழிக்கு விரலால் கோடு போட்டுக்கொண்டே இருப்பார். இரண்டாவது சுழிக்கு விரல் வருவதற்குள் கண் செருகிவிடும். ‘ரெட்டைச் சுழி, அதான் இந்தச் சேட்டை’ என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்தான். போன ஞாயிற்றுக்கிழமை, அதே வாயால், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். குதிரையைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பெற்ற மகளைச் சுட்டிருக்கிறார்.

அவருக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எண்ணெய் பட்ட கையைப் பார்த்து, மற்றக் கையை மகளின் உச்சந்தலையில் வைத்தார். விரல் தானாகவே பழைய இடத்துக்குப் போனது. குந்தவை தலையைக் குனிந்துகொண்டாள். மைனா இட்லிப் பொட்டலத்தை எட்டிப் பார்த்து மூக்கை உறிஞ்சியது.

டீ குடித்துவிட்டு வந்த இளையபெருமாள் கேட்டான். “வீட்டுக்குத்தானேண்ணே?”

“திருவாரூருக்கு” என்றார் பஞ்சநதம். “வெயில் தாழறதுக்குள்ள போய்ச் சேரணும்.” இந்தத் தடவை அவரும் முன் சீட்டுக்குப் போகாமல் பின்னால் ஏறி, மைனாவின் மறுபக்கம் நின்றுகொண்டார்.

சேரனுக்கு வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஜில்லாவில் உள்ள மாப்பிள்ளைகளை எல்லாம் குதிரை ஏற்றி அனுப்பிவிட்டு, தான் மட்டும் தரையிலேயே நிற்கிற ஆள் என்று பூவம்மாளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். தலையில் முண்டாசும் கையில் புல்கட்டுமாக வந்தவன், வண்டியைப் பார்த்ததும் அசந்துபோனான்.

“வாங்கய்யா. போன வாரம் சுழி சரியில்லன்னு சொல்லிட்டுப் போனீங்க?”

“சுழியா?” என்று பஞ்சநதம் வானத்தைப் பார்த்தார். “அதெல்லாம் நாங்க பாக்குற வழக்கமே இல்ல தம்பி.”

குந்தவை களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! பஞ்சநதத்துக்கு அந்த இடத்திலேயே வயது குறைந்தது போலிருந்தது.

“குதிரையைக் கொஞ்சம் நேரா நடத்திக் காட்டு தம்பி” என்று, மகள் செய்த மாதிரியே தரையில் குந்தி உட்கார்ந்தார். பாண்டியன் நடந்து வந்தது. நான்கு கால்களும் வரப்புக்கு நூல் பிடித்ததுபோல் நேராக விழுந்தன. அவர் மகளை நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார்.

மூங்கில் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாண்டியனை நிறுத்தி, இந்தப் பக்கம் மைனாவைக் கொண்டுவந்தார்கள். பிடிக்காவிட்டால் உதைக்கட்டும், தடுப்பு வாங்கிக்கொள்ளும் என்பது கணக்கு. மைனா முதலில் காதை மடக்கியது. பாண்டியன் கத்தவில்லை, எகிறவில்லை. மூக்கை மட்டும் நீட்டி, காத்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் மைனாவின் காதுகள் நிமிர்ந்தன. அதுவும் மூக்கை நீட்டியது. “சம்மதம் சொல்லிட்டா” என்றான் சேரன், மெல்லிய குரலில்.

அதற்கு மேல் அங்கே நமக்கு என்ன வேலை? குந்தவை மைனாவின் கழுத்தைத் தடவிக்கொடுத்தபடி நின்றாள். பஞ்சநதம் பெரிய மனுஷனாகத் திரும்பிக்கொண்டு தென்னை மரங்களை எண்ணுவதுபோல் பாவனை செய்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

“நாளன்னைக்கு இன்னொரு தடவை சேர்த்தா நல்லதுங்க. அதுவரைக்கும் இங்கயே நிக்கட்டும். சினை பிடிச்சிருக்கான்னு ரெண்டு வாரம் கழிச்சு டாக்டர்கிட்ட ஸ்கேன் பாத்துக்கலாம்” என்றான் சேரன்.

குந்தவையின் முகம் சுருங்கியது. மைனாவை அவள் ஒரு இரவுகூடப் பிரிந்ததில்லை. சேரன் அதைக் கவனித்தான்.

“எதுக்கெல்லாம் பயப்படும்னு சொல்லிட்டுப் போங்க. பாத்துக்கறேன்.”

“பிளாஸ்டிக் பை. தகரத்துல விழுற தேங்கா மட்டை. அப்புறம், இருட்டுல யாரும் பேசாமப் பக்கத்துல வந்தா பயப்படும். பேசிக்கிட்டே வந்தா பயமில்ல.”

“பேசிக்கிட்டே வர்றேன்” என்றான் அவன்.

மைனாவின் முன்னங்காலில் கட்டியிருந்த துணி அவிழ்ந்து தொங்கியது. குந்தவை குனிவதற்குள் சேரன் கேட்டான். “நீங்க எப்படிச் சுத்துவீங்க? காட்டுங்க, நாளைக்கு நான் கட்டணும்ல.” சொல்லிக்கொண்டே முண்டாசை அவிழ்த்து வியர்வையைத் துடைத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தான்.

பின்னால் நின்ற பஞ்சநதத்தின் கண் அவன் உச்சந்தலையில் விழுந்தது.

இரண்டு சுழி. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. அடுத்தடுத்து.

சுழி பார்க்கிற வழக்கமே இல்லை என்று சொன்ன வாயின் ஈரம் இன்னும் காயவில்லை. அவர் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டார். குந்தவை அதைப் பார்க்கவில்லை. அவள் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, இறுக்காமல் சுற்ற வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சட்டைப் பையில் போன் அடித்தது. பூவம்மாள்.

“என்னங்க, முடிஞ்சுதா? புள்ளை எப்படி இருக்கா?”

“சிரிச்சா” என்றார் பஞ்சநதம்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு பூவம்மாள் கேட்டாள். “அந்தக் குதிரைக்காரப் பையன், ஆளு எப்படிங்க?”

வரிசையாக ஆயிரம் கேள்விகள் பஞ்சநதத்தின் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. என்ன ஜனங்கள், என்ன நிலம், கூடப் பிறந்தவர்கள் எத்தனை. எல்லாவற்றையும் மென்று விழுங்கினார்.

“நான் ஒண்ணும் பாக்கல பூவு. நாளைக்கும் நாளன்னைக்கும் குதிரையைப் பாக்க உன் பொண்ணு மட்டும் பஸ்ல வரட்டும். நடக்கவிட்டுப் பாக்க அவளுக்குத் தெரியும்.”